சைக்கிளுக்கு ஒரு கங்காணி

தொண்ணூற்றாறில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிய மேனேஜர் துரைக்கு பி.எம்.எக்ஸ் பைத்தியம். மண்மேடுகளில் தாவும் அவருடைய சின்னச் சைக்கிளை நான் ஒருநாள் விளையாட்டாக எங்கள் லயத்து வீடுகளின் சரிவில் ஓட்டியதைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலை, ஆட்கள் கூடும் பெரட்டில் கணக்கப்பிள்ளை வேலை பிரித்தார்.

"நாலாம் நம்பர் மலை, கொழுந்து. ஏழாம் நம்பர், கவ்வாத்து. நாகலெட்சுமி, சைக்கிள்."

கங்காணி இல்லாமல் தோட்டத்தில் எந்த வேலையும் நடக்காது. ஆகவே செல்லசாமிக் கங்காணியை எனக்கு ஒதுக்கினார்கள். குடையும் விசிலுமாக அவர் சைக்கிளுக்குப் பின்னால் ஓடுவார்.

"அவசரப்படாத புள்ள. வேல சுத்தமா இருக்கணும்."

"இது ரேஸுங்கய்யா."

"ரேஸா இருந்தா என்னா? வேல வேலதான்."

கொழுந்து மலையிலிருந்து அம்மாக்கண்ணு அக்கா கத்துவாள். "எங்க நாப்பது பேருக்கு ஒரு கங்காணி. ஒனக்கு மட்டும் தனியா ஒண்ணா? நீயென்னா தொர மகளாடி?"

ஏப்ரலில் நுவரெலியாவில் பந்தயம். "மொத மூணுக்குள்ள வரணும்," என்றார் துரை. "இல்லாட்டி திங்கக்கெழம கொழுந்து."

ஒன்பது வருடம் கொழுந்து பறித்தவள் நான். மேட்டிலிருந்து சைக்கிள் எழும்பும் அந்த ஒரு கணத்தில் மட்டும் என்னை யாரும் எந்த மலைக்கும் பிரித்து அனுப்ப முடியாது. அதை இழக்க எனக்கு மனமில்லை.

பதினோரு மணிப் பந்தயம், பிரதம விருந்தினர் தாமதித்ததால், பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதுதான் தொடங்கியது. கடைசி மேடு வரை நானே முதல். அங்கே, பின்னாலிருந்து கங்காணியின் விசில் கேட்டது.

மலையில் பன்னிரண்டு மணி விசிலுக்குக் கை அப்படியே நிற்கும். பிறகு கூடையோடு கொழுந்து நிறுவைக்குப் போக வேண்டும். என் விரல்கள் பிரேக்கைப் பிடித்தன. நான் பிடித்ததாகச் சொல்ல மாட்டேன். அவை என்னைக் கேட்கவில்லை. கொழும்புப் பையன்களும் கண்டிப் பையன்களும் ஏழு பேர் என்னைக் கடந்து போனார்கள்.

கங்காணி மூச்சிரைக்க வந்தார். "ஏம்புள்ள நின்ன?"

"நீங்கதானே ஊதுனீங்க."

"மணி பன்னண்டு. நான் ஊதித்தானே ஆகணும்?"

துரை சிவந்த முகத்தோடு வந்தார். "ஏன் நின்னது?"

செயின் கழன்றது என்று சொல்லியிருக்கலாம். கங்காணி விசிலைச் சட்டைப்பைக்குள் ஒளிப்பதைப் பார்த்தேன். அவரைக் காட்டிக்கொடுக்கவும் வாய் வரவில்லை.

"பன்னண்டு ஆயிருச்சுங்க தொர."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். நிறுவைக்குப் பிந்தி வந்த மூன்று பேரை அந்த மாதம்தான் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். "சரிதான்," என்றார்.

திங்கட்கிழமைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை வாசித்தார். "நாகலெட்சுமி, சைக்கிள். பன்னண்டு வரைக்கும். பொறகு கொழுந்து."

அப்படியே எட்டு வருடம் காலைப் பந்தயங்களில் மட்டும் ஓடினேன். சிலவற்றில் வென்றேன். பிற்பகல் பந்தயம் ஒன்றுக்கு அனுப்பும்படி துரையிடம் ஒருநாளும் கேட்கவில்லை. விசில் ஊத ஆளில்லாத நேரத்திலும் என் விரல்கள் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம்.