கரைமேல் போன ஊர்வலம்

தர்மன் அண்ணன் இறந்துவிட்டார் என்று திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் போன் வந்ததும் வீரமுத்து செய்த முதல் காரியமே தப்பான காரியம். அழுவதற்கு முன்னால் ஜெயங்கொண்டம் வெடிக்கடைக்காரரைக் கூப்பிட்டு, "ஒரு டெம்போ நெறைய வேட்டு அனுப்புங்க, எங்க அண்ணனுக்கு எதுவும் கொறையக் கூடாது" என்று சொல்லிவிட்டார். ஒன்றியச் செயலாளராகக் காலமெல்லாம் குப்பை கொட்டியவர். துக்கம் வந்தாலும் ஏற்பாடு செய்யத்தான் தெரியும். போனை வைத்த பிறகுதான் சுருக்கென்றது. வேட்டு மட்டும் வேண்டாம் என்று போன வாரம்தான் அண்ணன் அவரிடம் சொல்லியிருந்தார்.

"வீரமுத்து, நான் போனா ஏரிக்கரை மேலதான தூக்கிட்டுப் போவீங்க. வேட்டுப் போட்டுறாதீங்கடா. தை மாசம், ஏரி நெறைய குருவி கெடக்கும்."

"நீங்க நல்லாயி வூட்டுக்கு வருவீங்கண்ணே" என்று அன்றைக்கு மழுப்பினாரே ஒழிய, சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தர்மன் இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். சுண்ணாம்புக்கல்லுக்காக ஏரியை ஒட்டிய நிலத்தைத் தோண்ட வந்த கம்பெனியை, கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்துத் திருப்பி அனுப்பியவர். பாறைக்கு வெடி வைத்தால் பறவை தங்காது. பறவை வராத ஏரியை யாரும் ஏரியாக மதிக்க மாட்டார்கள். ஒருநாள் அதைப் பட்டா போட்டு விற்றுவிடுவார்கள் என்பது அவருடைய பயம். சொந்தக் கட்சிக்காரர்களே அவரைக் 'குருவி எம்.எல்.ஏ.' என்று கேலி பேசினார்கள். மூன்றாவது தடவை சீட்டு கிடைக்கவில்லை. ஏரி மட்டும் தப்பித்தது.

அந்தக் கரைக்கு இன்னொரு கதையும் உண்டு. தர்மனின் அப்பா இறந்தபோது, பண்ணையாள் பிணம் கரைமேல் வரக் கூடாது என்று மேலத்தெருவில் மறித்துவிட்டார்கள். முழங்கால் புதையும் சேற்றுவயலில் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பறைகூட அடிக்க விடவில்லை. தர்மன் எம்.எல்.ஏ. ஆன வருடமே அந்தக் கரையைப் பொதுப்பாதையாக்கித் தார் போட வைத்தார். அவர் தெரு ஜனங்களுக்கு அது வெறும் ரோடா என்ன?

மதியம் உடல் வந்து சேர்வதற்குள் டெம்போ வந்துவிட்டது. இளைஞரணிக் கலைச்செல்வன் பையன்களோடு கரைமேல் சரவெடியை நீளமாக விரித்துக்கொண்டிருந்தான். வீரமுத்துவுக்கு அக்காள் மகன். மாமா, மாமா என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே எதிர்த்துப் பேசுவதில் கெட்டிக்காரன்.

"கலை, இதச் சுருட்டு. அண்ணன் வேணாம்னு சொல்லியிருக்காரு."

"காலையில ஆர்டர் போட்டதே நீங்கதானே மாமா?"

"புத்தி கெட்டுப் போட்டுட்டேன்டா."

கலைச்செல்வன் நிமிர்ந்தான். "தலைவரோட அப்பாவ இந்தக் கரையில ஏறவுடல. இன்னிக்கி ஏறிப் போறோம். மேலத்தெருக்காரன் காது கிழிய வேணாமா? சத்தமில்லாம போனா, இன்னமும் பயந்துகிட்டுதான் போறானுங்கன்னு நெனைக்க மாட்டான்?"

உள்ளதைச் சொல்வதென்றால், வீரமுத்துவின் நெஞ்சுக்குள்ளும் அதே ஆசைதான் இருந்தது.

தர்மனின் மனைவி அனுசுயாவிடம் போனார். அண்ணியே வெடிக்கச் சொல்லிவிட்டால் தலைப்பாரம் இறங்கிவிடும் என்று ஒரு நப்பாசை. அனுசுயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் ஆசைதான் தம்பி, ஒரு கொறையும் இல்லாம அனுப்பணும்னு. ஆனா அவரு இத எங்கிட்ட சொல்லலியே. ஒங்ககிட்டதானே சொன்னாரு."

வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டார். எதிரே அண்ணனின் பாதங்கள். இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். வலது பாதத்தில், கட்டுக்குக் கீழே, பழைய தீத்தழும்பு. முதல் தேர்தலில் ஜெயித்த அன்று இதே கரையில் சரத்தைக் கொளுத்தியது வீரமுத்துதான். அண்ணன் ஓடிவந்து வெறுங்காலால் மிதித்தே அணைத்தார். கட்டுப்போட்ட காலோடு சென்னைக்குப் போய்ப் பதவி ஏற்றார். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், "எங்க வீரமுத்துவோட பாசம்" என்று சிரித்தாராம்.

வீரமுத்து வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நேராகக் கரைக்கு நடந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. விரித்திருந்த சரத்தின் மேல் இந்தக் கோடியிலிருந்து ஊற்றத் தொடங்கினார்.

கலைச்செல்வன் பாய்ந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தான். "மாமா, தெருவே காறித் துப்பும்!"

"துப்பட்டும். அன்னிக்கி அவரு அப்பாவ சத்தமில்லாம கொண்டு போனோம்னா, மேலத்தெருக்காரன் சத்தம் போடக் கூடாதுன்னான். இன்னிக்கி நாம போட வேணாங்கறோம். ரெண்டும் ஒண்ணாடா? கரை இப்ப நம்மளது. இதுல எப்படிப் போவணும்னு நாமதான் சொல்லணும்." குடத்தை இன்னும் சாய்த்தார். "அவரு கடைசியா கேட்டது இது ஒண்ணுதான்டா. அதக்கூட நான் செய்யலைன்னா எப்புடி?"

கலைச்செல்வனின் பிடி தளர்ந்தது. பிறகு பையன்களைக் கூப்பிட்டு நனையாத மிச்சத்தையெல்லாம் டெம்போவில் ஏற்றச் சொன்னான்.

வண்டி வேண்டாம், தோளில்தான் தூக்குவோம் என்று தெரு பிடிவாதமாக இருந்தது. பறை தெருமுனைவரை வெளுத்து வாங்கியது. கரை தொடங்கும் இடத்தில் வீரமுத்து கையைத் தூக்கினார், அடி நின்றது. அப்புறம் கேட்டதெல்லாம் தாரில் பாதங்கள் தேயும் சத்தம்தான். எவனோ ஒருவனுடைய செல்போன் அலற, அவன் அதைக் கக்கத்தில் வைத்து அமுக்கிக்கொண்டே ஓடினான். மேலத்தெருக்காரர்கள் கரையை ஒட்டிய தங்கள் வாசல்களில் நின்றார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டதை வீரமுத்து பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

உபரித் தண்ணீர் வழியும் கலிங்கு அருகே தோள் மாற்றப் பாடையை இறக்கினார்கள். அடுத்த தோள் கொடுக்க வந்த கலைச்செல்வன் விம்மலை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, "மாமா, அங்க பாருங்க" என்று கிசுகிசுத்தான்.

கரைக்குப் பக்கத்திலேயே, ஆழமில்லாத தண்ணீரில், வாத்துக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் கருவேல மரங்களில் நாரைகள். ஊரே திரண்டு பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒன்றுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அண்ணன் போய்விட்டார் என்பது அவற்றுக்குத் தெரியவே தெரியாது.

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வீரமுத்துவுக்கு வந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார்.