கீத் சிப்ஸ் வாங்கப் போன நேரம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. பக்கத்து வீட்டு லொரெய்ன் துணி காயப்போட்டுக்கொண்டே வேலிக்கு மேலாகச் சொன்னது. பாதியில் மழை வந்தது, துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த மீன் கடைசியில் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள மறுநாள் அவர் கணவர் கீத்திடம் பேச்சுக் கொடுத்தேன். காரைத் துடைத்துக்கொண்டே "எந்த மீன்?" என்றார். அன்று பிடித்த குழப்பம் என்னை இன்னும் விடவில்லை.

(வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும்வரை 'அவர்'. கதைக்குள் வந்துவிட்டால் அவள், அவன். மரியாதைக் குறைவு இல்லை. பக்கத்தில் நின்று எழுத வேறு வழி தெரியவில்லை.)

2

முதல் தொடக்கம்: 'குளத்தின்மேல் பனிமூட்டம் மெல்ல...' வேண்டாம். இங்கிலாந்தில், அதுவும் எங்கள் கெட்டரிங் ஊரில், பனிமூட்டம் யாருக்கும் செய்தி இல்லை.

இரண்டாவது: 'பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்து, மறுபடி தண்ணீரிலேயே விடுகிறவர்களை லொரெய்னுக்கு...' இதுவும் வேண்டாம். அது அவள் கருத்து இல்லை, என் கருத்து. எனக்கு மீன் என்றால் குழம்பு.

மூன்றாவது, இது தேறலாம்: கல்யாணமாகி ஏழு மாதம். இருவருக்கும் இது இரண்டாவது. வாரத்தில் ஆறு நாள் கீத் அவள் கணவன். ஞாயிறு வந்தால் ஆளை மீன்பிடிக் குளம் கொண்டுபோய்விடும். ஒரு நாள், "நானும் வரேன்" என்றாள்.

"உனக்குப் போரடிக்கும்."

"இங்க மட்டும் என்ன வாழுதாம்?"

அந்த ஒரு நாளில் தனக்கும் இடம் உண்டா என்று பார்க்கத்தான் போனாள், மீனுக்காக இல்லை. இதை மட்டும் நான் திருத்தப் போவதில்லை.

3

அவளுக்குச் சின்னத் தூண்டில் கம்பு, சிவப்புத் தக்கை, டப்பா நிறையப் புழு. முதல் வீச்சு மரத்தில் மாட்டியது. இரண்டாவது கீத்தின் தொப்பியில்.

"கண்ண மூடிக்கிட்டா புழுவக் கோக்குற?"

"அது என்னையே பாக்குது கீத்."

"அதுக்குக் கண்ணே கிடையாது!"

"உனக்கும்தான். தூண்டி முள்ளு என் விரல்ல இருக்கு."

அந்தக் குளத்தில் மேபல் என்று ஒரு பெரிய கெண்டை. மீன்பிடிச் சங்கத்தில் எல்லாரும் ஒரு தடவையாவது மேபலைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டார்கள், கீத்தைத் தவிர. இதற்காக வருஷக்கணக்காகக் கேலி வாங்குகிறான். (இது லொரெய்ன் சொன்னதா, நான் சேர்த்ததா? துணி நனைந்த அவசரத்தில் எனக்கே மறந்துவிட்டது.)

மதியம் அவனுக்குப் பசித்தது. தன் பெரிய கம்பை ஆளில்லாமல் தண்ணீரில் போட்டபடி விட்டுப் போவது சங்க விதிப்படி தப்பு. "நீ இருக்கியே" என்று சொல்லிவிட்டுச் சிப்ஸ் வாங்கப் போனான். இருந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.

மீன் கடித்தால் கத்தும் கம்பின் அலாரம் வீறிட்டது. தூண்டில் நரம்புச் சுருள் தானாகச் சுற்றியது.

"ட்ரெவர்! என்ன பண்றது?"

பக்கத்து இடத்தில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த சங்கத்துக் கிழவர் எழுந்திருக்கவில்லை. "கம்பத் தூக்கினா உன் மீனு. தூக்கலன்னா யாரோட மீனும் இல்ல."

"தூக்கி கீத் கையில குடுத்துட்டா?"

"பாதியில கை மாறினா யார் கணக்குலயும் சேராது, பாத்துக்கோ. மேபல் மாதிரிதான் தெரியுது."

அவள் தூக்கினாள். அவனுக்காகத்தான் தூக்கினாள். தூக்கிய நொடியே அது அவனுடையது இல்லாமல் போனது. இதென்ன விதி என்று எனக்கும் புரியவில்லை.

4

வளைந்த கம்பைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு கீத் கரையோரமாக ஓடி வந்தான், சிப்ஸ் வழியெல்லாம் சிந்த. "மேபல்! மேபல்!" என்று கத்திக்கொண்டே வந்தான்.

"ஏழு மாசத்துல என் பேர ஒரு தடவகூட அப்படிக் கூப்பிட்டதில்ல." லொரெய்ன் இதைச் சொன்னபோது ஒரு தலையணை உறை கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை. முதல் தூறல் அப்போதுதான்.

அவன் வந்து நின்றதும், வளைந்து துடிக்கும் கம்பை அவள் அவன் பக்கம் நீட்டினாள். "இந்தா." இந்த இடத்தில்தான் மழை வலுத்து லொரெய்ன் உள்ளே போய்விட்டார்.

முடிவு அ: அவன் வாங்கிக்கொள்கிறான். மீன் கணக்கில் சேரவில்லை. அடுத்த ஞாயிறு லொரெய்ன் வீட்டில்... [அழித்தேன். கீத் அப்படிப்பட்டவன் இல்லை. எனக்கெப்படித் தெரியும்?]

முடிவு ஆ: கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "உன் மீனு லொரெய்ன், நீயே இழு" என்கிறான். நன்றாக இருக்கிறது, எனக்கு ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் அப்படி நடந்திருந்தால், காரைத் துடைத்துக்கொண்டே 'எந்த மீன்?' என்று கேட்பாரா? ஒருவேளை, அப்படி நடந்ததால்தான் கேட்டாரோ?

முடிவு இ: நரம்பு அறுந்துவிடுகிறது. இது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம்.

போன ஞாயிறு எட்டிப் பார்த்தேன். அவர்கள் வீட்டு வாசலில் கார் இல்லை. காரில் ஒருவர் போனாரா, இருவரா என்று தெரியவில்லை.

என்னால் முடியாது. கீத் என்ன செய்தான் என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் இன்னும் கம்பை நீட்டியபடியே நிற்கிறாள், அந்த மீன் வேறு இழுக்கிறது, அவளுக்குக் கை வலிக்கிறது.