இருபுறமும் ஏராளம்

அருங்காட்சியகத்தில் செத்த பறவைகளுக்கு லேபிள் எழுதுவது அவர் வேலை. முப்பத்தொரு வருஷமாக அதையே செய்ததால் ஊரே அவரை லேபிள்காரர் என்றது. உயிருள்ள பறவை எதையும் அவர் நின்று பார்த்ததில்லை. நேரமில்லை, முள்ளுக்குருவி ஒன்றே அவர் ஆயுளைத் தின்றுகொண்டிருந்தது.

கட்டைவிரல் அளவு உடம்பு, அதைவிட நீள வால், சாம்பல் நிறம். அது எந்தக் குடும்பம் என்று அறிஞர்களால் முடிவுகட்ட முடியவில்லை. முதலில் சிலம்பன்களோடு சேர்த்தார்கள், பிறகு கதிர்க்குருவிகளோடு, அங்கும் ஒத்துப்போகவில்லை என்று பட்டாணிக்குருவிகளோடு. இப்படி ஐந்து வீடு மாறிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும், செத்த குருவிக்கு ஒன்றாக, இருநூற்றுப் பன்னிரண்டு லேபிள். குடும்பப் பெயரை மாற்றிவிட்டு, கடைசி வரியைப் பழையதைப் பார்த்து அப்படியே எழுதுவார்: ‘வாழிடம்: நெடுஞ்சாலையின் இருபுறமும் உள்ள புதர்க்காடு. ஏராளம்.’

ஒரு ஞாயிற்றுக்கிழமை புல்டோசர் ஓட்டும் மச்சான் சாப்பிட வந்தான்.

“மாமா, நாளையிலேருந்து உங்க குருவிக்காட்டுலதான் வேலை. கிடங்கு கட்டறாங்களாம்.”

“அதை எப்படிடா அழிப்பாங்க? அனுமதி வேணுமே.”

“குடுத்ததே நீங்கதானே. ரோட்டுக்கு அந்தப் பக்கமும் ஏராளம்னு உங்க லேபிள் ஃபைல்ல இருக்கு. கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு ஆபீசரே சொன்னாரு.”

“முப்பது வருஷத்துல ஒருத்தராவது பாராட்டினாங்களே” என்றாள் அவர் மனைவி.

அன்று சாயங்காலம் முதன்முறையாகப் போய்ப் பார்த்தார். இரண்டே குருவிகள் இருந்தன. ஒன்று பாட்டைத் தொடங்கியது, மற்றது முடித்துவைத்தது. வெட்டவெளி என்றால் இந்தச் சாதிக்கு ஆகாது. இரண்டு புதருக்கு நடுவே நாலடி வெயில் கிடந்தால், பட்டினியில் சாகுமே தவிர தாண்டாது. சாலையின் அகலமோ நாற்பதடி. எதிர்ப்புறத்தை உயரமான மண்மேடு மறைத்தது. ஆனால் அதற்கப்பால் ஏராளம் இருந்தது. தன் கையெழுத்தையே நம்பாதவன் வேறு யாருடையதை நம்புவான்?

மறுநாள் மாடியிலிருந்து ஒன்பது தொட்டிச் செடிகளை இறக்கினார்.

“என் செடியெல்லாம் எங்க போகுது?”

“ரெண்டு பேருக்கு வீடு மாத்தணும்.”

“இங்க ஒரு ஃபேன் மாத்த ஆளில்லை.”

புதரை ஒட்டிச் சாலைப் பக்கமாகத் தொட்டிகளை வரிசையாக வைத்தார். மறுகோடியிலிருந்து மச்சான், கிளட்ச் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு, ஒரு நாள் வேலையை நாலு நாளாக ஓட்டினான். கடைசிப் புதர் போனபோது குருவிகள் தொட்டிக்குள் வந்துவிட்டன. பிறகு தினம் ஒரு தொட்டி: வரிசையின் வாலில் இருப்பதைத் தூக்கி அதன் தலையில் வைப்பார். குருவிகளும் ஒரு தொட்டி முன்னால் நகரும். லாரிக்காரர்கள் ஏதோ அரசாங்க வேலை என்று ஒதுங்கிப் போனார்கள். ஐந்தாம் நாள் சாலைத்துறை ஆட்கள் வந்து, தொட்டிகளைச் சுற்றி வெள்ளைக்கோடு அடித்துவிட்டுப் போனார்கள்.

பதினோராம் நாள், இன்னும் பத்தடிதான் பாக்கி என்றபோது, இடம் பார்க்க மண்மேட்டின் மேல் ஏறினார்.

அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமன்செய்த செம்மண். ஒரு முள்கூட இல்லை. புல்டோசர் நிழலில் ஒருவன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“இங்க புதர்க்காடு இருந்துதே?”

“அது போய் ரெண்டு வருஷம் ஆச்சு, பெரியவரே. எதிர்ப்பக்கம்தான் ஏராளமா இருக்கே. லேபிள் காட்டித்தான் அனுமதி வாங்கினாங்க.”

இறங்கி வந்து, தூக்கிவைக்க வேண்டிய தொட்டியை இருந்த இடத்திலேயே விட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் ஆறாவது கடிதம் காத்திருந்தது. முள்ளுக்குருவிக்கு உலகத்தில் உறவென்று யாருமில்லை, இனி அது தனிக் குடும்பம் என்று அறிஞர்கள் ஒருமனதாக முடிவுசெய்திருந்தார்கள். அவர் முதல் லேபிளை எழுதினார். ‘வாழிடம்: சாலை நடுவே ஒன்பது தொட்டிகள்.’

மேலதிகாரி அதைத் திருப்பி அனுப்பினார். “குடும்பம் மட்டும்தானே மாறியிருக்கு? மத்ததெல்லாம் இருந்தபடியே எழுதுங்க.”

இருநூற்றுப் பன்னிரண்டையும் இருந்தபடியே எழுதி முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. சாயங்காலங்களில் வாளியோடு சாலை நடுவே போய்த் தண்ணீர் ஊற்றுவார். கடைசி லேபிள் முடிந்த அன்று, தொட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் பாட்டைத் தொடங்கிற்று. முடித்துவைக்க ஆளில்லை. மறுபடி தொடங்கிற்று.

அவர் ஒன்பது தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றினார்.