பிரிக்பீல்ட்ஸில் இரண்டு வலேரி

சிந்துஜாவின் வீட்டுக்கு வெட்டப்பட்ட பெண்கள் முதன்முதலாக வந்தது எந்த வருஷம் என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிய பிறகு என்றுதான் நினைவு. அதற்கு முன்பே என்கிறாள் மேல்மாடி ரமணி. என் நினைவைவிட அவளுடையது நல்ல நினைவு என்பதால் அதை மறுக்கவும் மனமில்லை. ஆனால் வந்தவர்கள் இரண்டு பேர் என்பதிலும், அன்று மதியம்தான் அவர்கள் ஒரு தமிழ்த் தொடரிலிருந்து வெட்டப்பட்டிருந்தார்கள் என்பதிலும், பிரிக்பீல்ட்ஸ் மோனோரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் படிகளில் கைகோத்தபடி ஏறினார்கள் என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை. ஒருத்தி மலர் என்ற பள்ளி ஆசிரியை. மற்றவள் அந்தத் தொடரில் பெயர்கூட வைக்கப்படாத அவளுடைய தோழி. கதவைத் திறந்த சிந்துஜாவைப் பார்த்து மலர், "கல்யாணம் வேணாம்னு சொல்லலப்பா, இவளோட வேணும்னு சொல்றேன்" என்றாள். பிறகு உள்ளே வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, சற்று நேரம் பொறுத்து, அதையே மறுபடியும் சொன்னாள்.

சிந்துஜாவுக்கு அவர்களை உடனே அடையாளம் தெரிந்தது. அவள் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் படத்தொகுப்பாளர். சென்னையிலிருந்து வரும் தொடர்களிலும் படங்களிலும் இந்த நாட்டில் காட்டக் கூடாதவற்றை ஒளிபரப்புக்கு முன்னால் நீக்குவது அவளுடைய வேலை. ரத்தம், சாராயப் போத்தல், சாமியைத் திட்டும் வசனம் எல்லாவற்றையும் அவள் வெட்டியிருக்கிறாள், அவையெல்லாம் வந்ததில்லை. பெண்ணை விரும்பும் பெண்கள் மட்டும் வந்தார்கள். வெட்டிய கை யாருடையதோ அவருடைய வீட்டுக்கே வந்தார்கள். வெட்டுப்பட்ட அளவுதான் அவர்களுக்கு வாழ்க்கை. அந்தச் சில விநாடிகளை வாழ்ந்து முடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல நின்றிருந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். சாப்பாடு கேட்பதில்லை. இடம் மட்டும் வேண்டும். அடுத்த மேசையில் வேலை செய்யும் குகன் ஒருநாள் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தான். அவன் ஒரு படத்திலிருந்து இரண்டு ஆண்களை நீக்கியிருந்தான்.

"அக்கா, உங்க வீட்டுக்கும் வர்றாங்களா?"

"வர்றாங்க."

"என் வீட்டுல ரெண்டு பேரு, கார் போர்ச்சிலயே நிக்கிறாங்க. உள்ள வாங்கன்னாலும் வர மாட்றாங்க. என் மாமியார் ஜோகூர்லேருந்து வராங்க அக்கா, என்னன்னு சொல்லுவேன்?"

விருந்தாளி என்று சொல் என்றாள் சிந்துஜா. குகன் அப்படிச் சொல்லவில்லை. ரவாங்கில் இருந்த வீட்டை விட்டுவிட்டு வேறு வீடு போனான். லோரியிலிருந்து சாமான்கள் இறங்குவதற்கு முன்பே அந்த இரண்டு பேரும் புதிய வீட்டின் கார் போர்ச்சில் நின்றார்கள்.

சில வருஷங்களுக்குள் சிந்துஜாவின் வீடு நிறைந்துவிட்டது. தாய்லாந்தில் சட்டம் மாறிய அன்று பாங்காக்கில் பதிவுத் திருமணம் செய்துகொண்ட இரண்டு பெண்கள் செய்தியிலிருந்து நீக்கப்பட்டு வெள்ளை கவுனோடு வந்து, அடுக்களையில் அரிசித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார்கள். ஒரு கலந்துரையாடலில் பேசிய வழக்கறிஞரின் ஒரே வாக்கியத்தைச் சிந்துஜா ஓசையில்லாமல் ஆக்கியிருந்தாள். ஆகவே ஆள் வரவில்லை, குரல் மட்டும் வந்தது. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது, "அவங்களும் இந்த நாட்டுப் பிள்ளைங்கதானே" என்று கேட்டது. ஒரு போலீஸ்காரி, ஒரு நாட்டியக்காரி, பாட்டுக் காட்சியில் மழையில் நனைந்த இருவர். நனைந்தவர்கள் மட்டும் குளியலறையில் இருந்தார்கள், தரை ஈரமாகும் என்பதால்.

இவர்களுக்கு நடுவில் புகுந்து புகுந்துதான் வலேரி தினமும் வேலைக்குப் போய்வந்தாள். அவள் டயாலிசிஸ் மையத்தில் தாதி. கிள்ளானில் ரயில்வே குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கப் பெண். சிந்துஜாவும் அவளும் அந்த வீட்டில் ஒரே அறையில், ஒரே கட்டிலில் வெகுகாலமாக வாழ்கிறார்கள். சிந்துஜாவின் அம்மா பூரணத்தைப் பொறுத்தவரை வலேரி, 'வீட்டை ஷேர் பண்ணுற பிள்ளை'. பூரணம் வரும் நாட்களில் இரண்டாவது அறையின் கட்டிலில் வலேரியின் தலையணை போடப்படும். பூரணம் யாழ்ப்பாணத்து அரசாங்க உத்தியோகக் குடும்பத்தவர், கேள்வி கேட்பது பண்பில்லை என்று வளர்க்கப்பட்டவர். மழையில் நனைந்தவர்கள் குளியலறையில் நிற்பதைப் பார்த்தபோதும், "உன்ர வேலையிட ஆக்களோ?" என்று மட்டும் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தார்.

வலேரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். அம்மாவிடம் சொல். ஊர்வலம் வேண்டாம், மோதிரம் வேண்டாம், அம்மாவிடம் மட்டும் சொல். தம்பி கல்யாணம் முடியட்டும் என்று சிந்துஜா சொல்லிவந்தாள். அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது. வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் மோனோரயிலில் கடைசி நிலையமான தித்திவங்சா வரை போய், அங்கிருந்து அதே வண்டியில் திரும்பி, மறுபடியும் ஏறி, சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கிக் கலைத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் மலர் அதைவிடக் கடினமான ஒன்றை ஒரு நாளில் எத்தனையோ முறை தன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பி சிவேந்திரனின் கல்யாணம் ஸ்காட் ரோட்டுக் கோவிலில் நன்றாகவே நடந்தது. வீடியோவைத் தொகுக்க அக்கா இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று படங்களை எல்லாம் அவளிடமே கொடுத்துவிட்டான். தொகுத்து முடித்ததை அம்மாவும் மகளும் மடிக்கணினியில் சேர்ந்து பார்த்தார்கள். தாலி கட்டி முடிந்த பிறகு ஓர் இடம். பந்தலுக்குப் பின்னால் வியர்த்து நிற்கும் சிந்துஜாவின் முகத்தை, பச்சைக் காஞ்சிபுரம் உடுத்திய வலேரி தன் முந்தானையால் துடைக்கிறாள். சிந்துஜா கண்ணை மூடுகிறாள். அவ்வளவுதான், அரை நிமிஷம்கூட இராது. ஆனால் கண்ணை மூடிய விதம் ஒன்று இருந்தது.

"அந்த இடம் வேண்டாம் பிள்ளை," என்றார் பூரணம்.

அம்மா சொல்லி முடிப்பதற்கு முன்பே சிந்துஜாவின் கை வெட்டிவிட்டது. ஏன் வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை. பழகிய கை, அது யோசிப்பதை என்றோ நிறுத்தியிருந்தது. வேலைக்குத்தான் அந்த விதி, வீட்டுப் படத்துக்குப் பொருந்தாது என்று அவள் நினைத்திருக்கலாம். எதையும் நினைக்கவில்லை என்பதே சரியாக இருக்கும்.

மறுநாள் மதியம் வேலை முடிந்து, கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வலேரி வீட்டுக்குள் வந்தபோது சன்னலோரம் பச்சைச் சேலையில் அவளே நின்றுகொண்டிருந்தாள். தலையில் அன்றைய மல்லிகை வாடாமல் இருந்தது. அந்த வலேரி முந்தானையைத் தூக்கி, எதிரே இல்லாத ஒரு முகத்தை மெல்லத் துடைத்தாள், கையைத் தாழ்த்தினாள், காத்திருந்தாள், மறுபடியும் தூக்கினாள். வலேரி பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வெட்டிய கையின் வீட்டுக்குத்தான் வருவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சாயங்காலம் சிந்துஜா வரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

"டிவியில வெட்டுறது உன் வேலை. அது எனக்குப் புரியும்லா," என்றாள் வலேரி. "இது யாரு குடுத்த வேலை?"

குளிர்சாதனப் பெட்டி மூடியிருந்ததால் வழக்கறிஞரின் குரலும் பேசவில்லை.

"அந்த இடத்துல நீயும்தானே இருந்த. உன்னையும்தானே வெட்டின. நீ மட்டும் ஏன் வரல?"

தன் கையால் தன்னையே வெட்டிக்கொண்டவர்கள் போவதற்கு ஒரு வீடு இருக்கிறதா என்று அன்றும் யாருக்கும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. வலேரி ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலில் கிள்ளானுக்குப் போனாள். அவளுடைய அப்பா கபிரியேல், ஓய்வு பெற்ற ரயில்வே சிக்னல்காரர், வாசலில் பையை வாங்கி வைத்தார். செய்தி எப்படியோ அவருக்கு முன்னமே வந்திருந்தது.

"உன்ன மாதிரியே ஒருத்தி அங்க இருக்காளாமே?"

"ஆமாப்பா."

"அவ வாடகை குடுக்குறாளா?"

"இல்லப்பா."

"அப்ப அவளுக்கு வசதிதான்," என்று சொல்லிவிட்டுச் சோற்றுக்கு உலை வைக்கப் போனார்.

இதற்குப் பிறகு சில மாதங்கள் சிந்துஜா நடந்துகொண்டதை ரமணி இன்றும் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்வாள். சிந்துஜா ஒரு முக்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு, பச்சைச் சேலைக்காரியின் கை வரும் இடத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவாள். முந்தானை வந்து நெற்றியைத் துடைக்கும், கன்னத்தைத் துடைக்கும். பட்டின் வாசனையும் மல்லிகையின் வாசனையும் வரும். இந்த வலேரி எதையும் கேட்பதில்லை. அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்பதில்லை. வேலைக்குப் போவதற்கு முன்னால் உட்கார்ந்தாள், வந்த பிறகு உட்கார்ந்தாள், விடுமுறை நாட்களில் சாப்பிட மறந்து உட்கார்ந்தாள். மோனோரயிலில் போவதுகூட நின்றுவிட்டது. எல்லாம் இப்படியே போயிருக்கவும் கூடும். ஒருநாள் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். உடம்பு தூக்கிப் போட, முக்காலியில் சரிந்தபடி, தண்ணீர் கொடு என்று கேட்டாள். கை வந்து நெற்றியைத் துடைத்தது, கன்னத்தைத் துடைத்தது, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று கீழே இறங்கியது. எதிரே இருந்த கண்கள் கல்யாண நாளின் சந்தோஷத்தோடு அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. சிந்துஜா தரையில் ஊர்ந்து அடுக்களைக்குப் போய், வெள்ளை கவுன் பெண்களை விலக்கி, தானே தண்ணீர் பிடித்துக் குடித்தாள். காய்ச்சல் விட்ட அன்று கல்யாண வீடியோவைத் திறந்து, வெட்டியதைத் திரும்பச் சேர்த்தாள். ஆனால் அதை இன்னும் யாரும் பார்க்கவில்லை, சன்னலோரம் நின்றவளும் போகவில்லை.

கல்யாணத்தின் முதல் வருஷ நிறைவுக்குச் செமினியில் சிவேந்திரனின் புது வீட்டில் மதிய விருந்து. சாப்பாட்டுக்கு முன்னால் சிந்துஜா கொண்டுவந்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டார்கள். தாலி கட்டினார்கள், மேளம் கொட்டியது, பிறகு பச்சைச் சேலையில் வலேரி தோன்றி சிந்துஜாவின் முகத்தைத் துடைத்தாள், சிந்துஜா கண்ணை மூடினாள். யார் அந்தப் பிள்ளை என்று ஒரு மாமி மெதுவாகக் கேட்டார். சிந்துஜாவின் வீட்டை ஷேர் பண்ணுபவள் என்று சிவேந்திரன் சொல்லத் தொடங்கினான்.

"இல்லை," என்றாள் சிந்துஜா. அம்மாவைப் பார்த்தே சொன்னாள். "அம்மா, அவ ஷேர் பண்ணுற பிள்ளை இல்லை. நான் அவளோடதான் வாழுறன்."

பூரணம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் யாரோ பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் விலை சொல்வது போன்ற குரலில் சொன்னார்:

"எனக்குத் தெரியும் பிள்ளை. தெரிஞ்சபடியால்தான் வெட்டச் சொன்னனான்."

பிறகு எழுந்து அடுக்களைக்குப் போய் இலைகளைக் கழுவத் தொடங்கினார். எல்லோரும் சாப்பிட்டார்கள். யாரும் சிந்துஜாவைப் போகச் சொல்லவில்லை, இன்னொரு கரண்டி போட்டுக்கொள் என்றும் சொல்லவில்லை. அவள் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பியபோது சன்னலோரம் காலியாக இருந்தது. மற்றவர்கள் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

அன்று வெயில் இறங்குவதற்குள் அவள் கிள்ளானுக்குப் போனாள். கபிரியேல் கதவைத் திறந்துவிட்டு, தனக்கு வெளியே வேலை இருப்பதாகச் சொல்லி, வேலை எதுவும் இல்லாமல் வேலியோரம் போய் நின்றுகொண்டார்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன்," என்றாள் சிந்துஜா.

"என்ன சொன்னாங்க?"

"தெரியும்னு சொன்னாங்க."

பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் வந்து, அதன் கடைசிப் பெட்டி வரை கடந்து போனது.

"அப்ப இவ்வளவு நாளும் நாம யாருக்கு ஒளிஞ்சிருந்தோம்?" என்றாள்.

வலேரி அன்று சிந்துஜாவோடு கிளம்பவில்லை. உயிர்த்த ஞாயிறு முடிந்து, குருத்தோலைகள் காய்ந்த பிறகுதான் வந்தாள்.

மற்றவர்களுக்கு நடந்தது இது. பூரணம் அதன் பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைத்து, அங்கே மழையா என்று மகளிடம் கேட்கிறார். வலேரியின் பெயரை இதுவரை சொன்னதில்லை. சிவேந்திரன் வீடியோவின் இரண்டு வடிவங்களையும் வைத்திருக்கிறான், வரும் விருந்தாளியைப் பொறுத்து ஒன்றைப் போடுகிறான். வெட்டப்பட்ட சிறிய வடிவம் ஓடும் நாளில் பச்சைச் சேலைக்காரி சன்னலோரம் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். மாமிமார் செமினிக்கு வந்திருக்கிறார்கள் என்று வலேரி அதிலிருந்து தெரிந்துகொண்டு தன் வேலையைப் பார்ப்பாள். கபிரியேல் மாதம் ஒருமுறை கிள்ளானிலிருந்து நண்டு வாங்கி வருகிறார். குகன் வேலையை விட்டுவிட்டு காப்புறுதி விற்கிறான். அவனுடைய மாமியார், கார் போர்ச்சில் நிற்கும் இரண்டு பேருக்கும் ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார். சிந்துஜா வேலையை விடவில்லை. தான் விட்டால் வேறு யாராவது வெட்டுவார்கள், அப்போது இந்தப் பெண்கள் கதவைத் திறக்காத வீட்டின் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும் என்கிறாள். அது சரியான காரணமா என்று அவளுக்கும் வலேரிக்கும் இன்னும் சண்டை வருகிறது. பக்கத்து வீடு காலியானபோது அதையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். இப்போது அதிலும் இடமில்லை.