கடல் அமைதியான ஒரே நாள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு விடுமுறை என்றால் வீட்டில் கால் நீட்டிப் படுப்பதுதான். கடலுக்குள் முங்கிச் சுறா பார்க்க வேண்டும் என்பது அவர் மனைவியின் ஆசை. அவள் கடைத்தெருவில் இரண்டு நாற்காலி போட்ட பியூட்டி பார்லர் ஒன்றை நடத்தினாள். ஒருநாள் பார்லர் டிவியில் கொம்பன் சுறாக்களைக் காட்டினார்கள். சுத்தியலைக் குறுக்கே வைத்தது போன்ற தலையோடு, கூட்டம் கூட்டமாக, எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. அவள் கத்தரிக்கோலும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். நாற்காலியில் இருந்த அம்மாள், "ஏம்மா, என் முடி பாதியில நிக்குது" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அன்று பிடித்த ஆசை விடவில்லை. நாற்பதைத் தாண்டிய வயதில் நீச்சல் கற்றாள். தனியாகப் போகக் கூச்சப்பட்டு அவரையும் இழுத்துக்கொண்டு போனாள். "லிஃப்ட் குழிக்குள்ள தைரியமா இறங்குறீங்க, இடுப்பளவு தண்ணிக்குப் பயமா?" என்று கேட்டாள். அவர் ஆரம்பத்தில் நீந்தியதைவிடக் குடித்த தண்ணீர்தான் அதிகம். பிறகு இருவரும் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு மூழ்கவும் பழகினார்கள். கடைசியில் பார்லரைப் பூட்டி, இவர் விடுப்பு எடுத்து, கொம்பன் சுறாக்கள் வரும் ஒரு தீவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வந்த நாளிலிருந்து ஒரே காற்று, மழை. படகுகள் துறையிலேயே கட்டிக் கிடந்தன. தினமும் காலையில் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு துறைக்குப் போய் விசாரித்துவிட்டு வருவாள்.

"இன்னிக்கும் இல்லையாம்" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது.

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் முங்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அதனால் அவர்களுக்கு மிச்சமிருந்தது ஒரே நாள்தான். அன்று விடிந்தபோது காற்று நின்றிருந்தது. கடல் இஸ்திரி போட்டது போலக் கிடந்தது.

மெக்கானிக்குக்கோ மூக்கு அடைத்திருந்தது. சில நாள் மழையில் அவளோடு தானும் துறைக்கும் அறைக்குமாக நடந்ததில் சளி பிடித்திருந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் மூக்கைச் சிந்தினார். கைவசம் இருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மூக்கு கொஞ்சம் திறந்தது. இது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெளியே வந்தபோது அவள் நீச்சல் உடையோடு கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தாள், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

படகில் இவர்களோடு புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும் வந்தது. வழிகாட்டி ஒரு பெண். வெயிலில் கறுத்த முகம், கறாரான பேச்சு.

"யாருக்காவது சளி, காதடைப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. உள்ள போனப்புறம் சொல்ல முடியாது" என்றாள்.

மெக்கானிக் தலையை ஆட்டி இல்லை என்றார். அவர் மனைவி தன் கால் துடுப்பின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"ஜோடி ஜோடியா இருக்கணும். ஒருத்தர் மேல வந்தா, கூட இருக்கவரும் வந்துடணும். சுறாவே எதிர்ல வந்தாலும் சரி."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஆழம் போகப் போகக் காது அடைக்கும்; மூக்கைப் பிடித்து ஊதினால் திறக்க வேண்டும். முதலில் திறந்தது. இன்னும் கீழே போனதும் இடது காது திறக்க மறுத்தது. ஊதினார், தாடையை அசைத்தார், எச்சில் விழுங்கினார். காதுக்குள் யாரோ ஆணி அடிப்பது போல வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். கீழே பாறை விளிம்பில் எல்லாரும் நின்றார்கள். அதற்கு அப்பால் அடியில்லாத நீலம்.

வழிகாட்டி கையை நீட்டி அந்த நீலத்தைக் காட்டினாள். தூரத்தில் ஏதோ நிழல் அசைந்தது. மனைவியின் கண்கள் கண்ணாடிக்குள் விரிந்தன.

அப்போதுதான் அவர் காதுக்குள் ஏதோ பட்டென்று போயிற்று. தலை சுற்றியது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. பயத்தில் கையை உதறினார். அவள் திரும்பிப் பார்த்தாள். மேலே போக வேண்டும் என்று அவர் கட்டைவிரலை மேல் நோக்கிக் காட்டினார்.

அவள் ஒரு தடவை நீலத்தைப் பார்த்தாள். பிறகு அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, மெதுவாக மேலே கூட்டிவந்தாள்.

படகோட்டி தூக்கிவிட்டபோது அவர் மூக்கையும் சேர்த்து மூடியிருந்த கண்ணாடிக்குள் ரத்தம் கலந்த சளி நின்றது. அவள் துண்டால் துடைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மற்றவர்கள் வந்தார்கள். புதுப்பெண் படகில் ஏறுமுன்னே கத்தினாள்.

"அக்கா, எவ்வளவு தெரியுமா! தலைக்கு மேல ஒரு தெருவே போற மாதிரி போச்சுக்கா! வெளிச்சத்தையே மறைச்சுடுச்சு!"

"அப்படியா!" என்றாள் இவள். முகத்தில் சிரிப்பைக் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

வழிகாட்டி மெக்கானிக்கின் மூக்கைப் பார்த்தாள். "சளி இருந்துச்சா?"

அவர் தலைகுனிந்தார்.

"ஏன் சார் மறைச்சீங்க? நீங்க படகுலயே இருந்திருந்தா மேடத்தை நான் என் ஜோடியா கூட்டிட்டுப் போயிருப்பேனே!"

அவர் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. இயந்திரச் சத்தத்தில் கரைவரை யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. அது அவருக்கு நல்லதாகப் போயிற்று.

ஊர் திரும்பிய பிறகு காது டாக்டர் பார்த்தார். ஜவ்வு ஆறிவிட்டது, ஆனால் இடது காதில் கேட்கும் திறன் பாதிதான் மிஞ்சியது. லிஃப்டுக்கு மேலே நின்று வேலை செய்யும்போது உதவியாளர் கீழிருந்து கூப்பிட்டால் எந்தத் திசை என்று தெரியாது. அதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் போதும் என்றிருந்தது. அவள் திட்டவே இல்லை.

ஒருநாள் பார்லர் நாற்காலி ஏறாமல் மக்கர் செய்கிறது என்று அவரை வரச் சொன்னாள். அவர் தரையில் உட்கார்ந்து ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வந்திருந்த வாடிக்கையாளர் கேட்டாள்: "ஆமா, சுறா பாத்தியா?"

"பாத்தோமே! தலைக்கு மேல ஒரு தெருவே போற மாதிரி போச்சு. வெளிச்சத்தையே மறைச்சுடுச்சுன்னா பாத்துக்கோங்க."

அந்தப் புதுப்பெண் சொன்ன அதே வார்த்தைகள். மெக்கானிக் தலையை நிமிர்த்தவில்லை. சரியாக இருந்த மரையையே திரும்பத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தார்.

அன்று சாப்பிடும்போது, "மறுபடியும் போகலாம்மா. இந்தத் தடவை நான் கரையில இருக்கேன், நீ மட்டும் போ" என்றார்.

"பாக்கலாம்" என்றாள் அவள்.

அவர் விடவில்லை. மறு பருவத்துக்கே ஏற்பாடு செய்யலாம் என்று, அவளை உடல் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். டாக்டர் அவளை ஒரு கருவியில் ஊதச் சொன்னார். மறுபடி ஊதச் சொன்னார். பிறகு என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். மூடிய அறையில் வருஷக்கணக்காக ஸ்பிரேயும் சாயமும் சுவாசித்ததில் நுரையீரல் நலிந்திருந்தது. மருந்து எடுத்துக்கொண்டால் சாதாரண வாழ்க்கைக்குத் தொந்தரவில்லை. முங்குவது மட்டும் இனிக் கூடவே கூடாது.

மருத்துவமனை வாசல் பஸ் நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"எல்லாம் என்னாலதான். அன்னிக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ பாத்திருப்ப" என்றார் அவர்.

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"எனக்குத் தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"உங்களுக்குச் சளின்னு. காலையில எழுந்ததுமே உங்க குரல் மாறியிருந்துச்சு. குழாயைத் திறந்துவிட்டா எனக்குக் கேக்காதா? கேட்டு, ஒருவேளை நீங்க வரலைன்னு சொல்லிட்டா முங்குறதே நின்னு போயிடுமோன்னு பயந்தேன். என்னை அந்த வழிகாட்டிப் பொண்ணு கூட்டிட்டுப் போவான்னு எனக்கென்ன தெரியும்? படகுல அவ கேட்டப்பகூட நான் குனிஞ்சு வாரை இழுத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் திகைத்துப் போய்ப் பார்த்தார். இவ்வளவு நாளும் அவள் மௌனத்தைக் கோபம் என்றே நினைத்திருந்தார்.

"உங்க காது போச்சே, அது என்னாலதானே? கூப்பிட்டா நீங்க வேற பக்கம் திரும்பிப் பாக்குறப்பல்லாம் எனக்கு..." படகில் அழாதவள், இப்போது முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்றவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

"நீ கேட்டிருந்தாலும் நான் பொய்தான் சொல்லியிருப்பேன்" என்றார் அவர்.

"சொல்லியிருப்பீங்கதான். ஆனாலும் நான் கேட்டிருக்கணும்."

அவர்கள் போக வேண்டிய பஸ் வந்து நின்றது. இருவரும் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் இவர்களைப் பார்த்து, வருகிறீர்களா என்று கையால் கேட்டார். மெக்கானிக் இல்லை என்று தலையாட்டினார்.