பொறந்த வூட்டுக் கோடி

இறந்து கிடந்த பூவம்மாளின் முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள் தமயந்தி. வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தத்தில் அவள் கை அப்படியே நின்றது. அம்மையார்குப்பத்திலிருந்து பூவம்மாளின் தம்பி துளசிங்கம் வந்துவிட்டார். கூடவே அவர் மனைவி பிரபாவதி.

ஆணாகப் பிறந்த பூவம்மாள் புடவை கட்டிக்கொண்டு வீட்டைவிட்டு வந்த பிறகு, அங்கிருந்து யாரும் எட்டிப்பார்த்ததில்லை. தன்னைப்போலவே துரத்தப்பட்டு வந்த தமயந்தியை மகளாக்கிக்கொண்டு, திருத்தணி மலையடிவாரத்தில் பூக்கட்டி விற்றுச் சோறு போட்டவள் அவள். கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்: "என்னைப் பொம்பளையா அனுப்பு கண்ணு."

துளசிங்கம் பையிலிருந்து வேட்டியை எடுத்தார்.

"எங்கண்ணன எங்க மொறப்படிதான் எடுக்கணும். முடிய வெட்டிடுங்க."

"மாமா, அம்மா பொடவதான் கட்டிகினு இருந்தாங்க..."

"யாருக்கு யாரு மாமா?"

மூலையிலிருந்த பங்காருவுக்குப் பொறுக்கவில்லை. சாவுக்குக் கூடியிருந்த திருநங்கைகளிலேயே வாய் நீண்டவள். "ஜொரத்துல கெடந்தப்ப வராத பாசம், பொணமானதும் ஆட்டோ புடிச்சி வந்துகீது பாரு!"

தமயந்தி அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள். சண்டையில் அம்மாவை அனுப்பக்கூடாது. முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வெளியே பாடை கட்டிக்கொண்டிருந்த முனியனுக்கு இதொன்றும் காதில் விழவில்லை. பெண் செத்த வீட்டில் புதுப்புடவை போர்த்தப் பிறந்த வீட்டாரைக் கூப்பிடும் வழக்கப்படி குரல் கொடுத்தான்.

"பொறந்த வூட்டுக் கோடி யாருங்க? நேரமாவுது, வாங்க!"

ஆண் பிணத்துக்கு அப்படியொரு அழைப்பு கிடையாது. துளசிங்கத்தின் கையில் வேட்டி தொங்கியது.

பிரபாவதி எழுந்து தன் பையைத் திறந்து ஒரு புடவையை எடுத்தாள்.

"எங்க நாத்தனாருக்கு நான் போடறேன்."

"அது நீ குளிச்சிட்டு மாத்திக்க எடுத்தாந்த பொடவ."

"ஆங். நம்ம தறியில அறுத்தது. இன்னும் தண்ணி படல. கோடிதான்."

துளசிங்கம் மனைவியையே பார்த்தார். அப்புறம் பூவம்மாளை. வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, புடவையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் நீ புடிம்மா," என்றார் தமயந்தியிடம்.

பாடை தெருமுனை திரும்பியதும் பெண்கள் குழாயடியில் தலைமுழுகினார்கள். ஈரம் சொட்டச் சொட்ட நின்றாள் பிரபாவதி. தமயந்தி தன் புடவையொன்றைக் கொண்டுவந்தாள். நீட்டலாமா என்று தயங்கியபோது பிரபாவதியே வாங்கிக்கொண்டாள்.

உள்ளே போய்க் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"கொசுவம் சரியா வரலியே."

தமயந்தி அவள் காலடியில் உட்கார்ந்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவி இழுத்துவிட்டாள்.