ஐஸ் ஃபேக்டரி நின்ற பத்து நிமிடம்

ஹெட்போனை மாட்டி மைக்கின் அளவைக் கொஞ்சம் ஏற்றியதும் ஜஸீமாவுக்கு அது கேட்டது. அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு முனகல். வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். முனகல் அப்படியே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலைத் தரையில் அழுத்தியபோதுதான் புரிந்தது. சத்தம் காற்றில் வரவில்லை, தரை வழியாக வருகிறது. பக்கத்து ஐஸ் ஃபேக்டரியை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த அறையை அவளும் எழில்மொழியும் ஏப்ரல் கடைசியில்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். காசிமேட்டில் இறால் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியின் குளிர்பதன அறை, நாலு வருடமாகப் பூட்டிக்கிடந்தது. ஒரு சாண் கனத்துக்கு நுரை அடைத்த தகரச் சுவர்கள். கதவைச் சாத்தினால் வெளியே போகும் கன்டெய்னர் லாரியின் ஹாரன் வேறு ஏதோ ஊரில் அடிப்பது போலிருந்தது. ஜஸீமா எட்டு வருடம் வடபழனியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் அடுத்தவர்களின் இருமலையும் தும்மலையும் வெட்டிக்கொண்டிருந்தவள். வியாசர்பாடி எழில்மொழி, கோயில் விழாவிலிருந்து கட்சிக் கூட்டம் வரை சவுண்டு செட் கட்டித் திரிந்தவள். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்கள் திருவொற்றியூரிலும் எர்ணாவூரிலும் எத்தனை பேர் என்று இருவருக்கும் தெரியும். அவர்களெல்லாம் கிட்டாரையும் டோலக்கையும் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போய், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் திரும்பி வருகிறவர்கள். பாடுவது மட்டும் அவர்கள் வேலை. பதிவு செய்து, இசையோடு கலந்து, அட்டைப்படம் போட்டு, நெட்டில் ஏற்றுவது வரை மற்றதெல்லாம் நம் வேலை என்று இருவரும் முடிவுசெய்தபோது ஜஸீமாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுநாளே வேலையை விட்டாள்.

இறால் வாடை போவதற்கே ஒரு மாதம் ஆனது. தகரத்தில் குரல் மோதித் திரும்பாமலிருக்க பழைய மெத்தைகளைச் சுவர் முழுக்கக் கட்டினார்கள். பக்கத்தில் ஐஸ் ஃபேக்டரி இருப்பது தெரியும். ஆனால் அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் கிடந்தன, ஐஸுக்கு வேலையில்லை. ஓடாத மெஷினைப் பற்றி யார் யோசிப்பார்கள்? இன்னும் நாலு நாளில் தடை முடிகிறது. ஸ்டுடியோவில் முதல் பாட்டுப் பதிவாகும் நாளில், படகுகளுக்காக ஃபேக்டரியும் விழித்துக்கொண்டது.

"இன்னா ஜஸீ, மூஞ்சே சரியில்ல?" என்று உள்ளே வந்தாள் எழில்மொழி.

ஹெட்போனை அவள் காதில் வைத்தாள் ஜஸீமா. எழிலின் முகமும் மாறியது.

அதே நேரம் அந்த முதல் பாட்டைப் பாட வேண்டிய ராமசெல்வி வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயது, வள்ளூர்ப் பக்கம் லாரி எடைமேடையில் சீட்டுப் போடும் வேலை. அந்தச் சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் பாட்டு எழுதுவாள். நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் அவள் குரலைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் மெதுவாகப் பாடக்கூடாதா என்று சிரித்திருக்கிறார்கள். இரண்டு மணி ஷிப்டுக்கு அவள் கிளம்பியாக வேண்டும். அவள் பாட்டு எப்படி வருகிறது என்று கேட்டுவிட்டுத் தாங்களும் பாட வருகிறோம் என ஏழு பேர் சொல்லியிருந்தார்கள்.

"செல்விக்கா, குந்துங்க. தோ வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு ஜஸீமா வெறுங்காலோடு ஓடினாள்.

ஃபேக்டரிக்குள் தரையெல்லாம் ஈரம். மூக்கை அறுக்கும் அம்மோனியா நெடி. ஃபோர்மேன் கிருஷ்ணப்பன் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கத்திப் பேசிக்கொண்டிருந்தார்.

"நைனா, ஒரு அஞ்சு நிமிசம் மெஷின நிறுத்தித் தர முடியுமா?"

"இன்னாது? நாலு நாள்ல அத்தினி போட்டும் கடலுக்குப் போவுது. ரெண்டு மாசமா சும்மா கெடந்து இன்னிக்குத்தான் ஓட்டிகினு கீறோம். நிறுத்துன்றியே."

"பாட்டு ரெக்கார்டிங்கு நைனா. பக்கத்து ரூம்ல. எங்களுக்கு அதான் மொதப் பாட்டு."

"இறா ரூம்லயா?" அவர் அவளுடைய ஈரக் கால்களைப் பார்த்தார். "யாரு பாட்றது?"

"வள்ளூர்ல எடைமேடைல வேல செய்ற அக்கா. அவங்களே எழுதுன பாட்டு."

கிருஷ்ணப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்னரைக்கு இந்த மெஷின நிறுத்தி அந்த மெஷின ஓட்டுவோம். நடுவுல ரெண்டு நிமிசம் கேப்பு. இன்னிக்கு அத பத்து நிமிசமா வெச்சிக்க. அதுக்கு மேல கேக்காத, மொதலாளி ஃபோன் பண்ணிடுவாரு."

பதினொன்றரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே எழில்மொழி தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரில் முன்பே கட்டிவைத்திருந்த இசையைக் கேட்டுப் பாட, ராமசெல்வி ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். எழில் கையை உயர்த்தினாள்.

"நின்னுச்சி."

அப்படியொரு அமைதியை ஜஸீமா வடபழனியில்கூடக் கேட்டதில்லை. ராமசெல்வி மூச்சிழுப்பது தெளிவாகக் காதில் விழுந்தது.

*நிறைஞ்ச வண்டி எடை போட்டேன், வெறும் வண்டி எடை போட்டேன்,*
*நின்னுகினே கீற எனக்கு எடை போட்டது யாரு?*

இரண்டாவது சரணத்தில் குரல் நின்றுவிட்டது. ராமசெல்வி ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திகைத்துப் பார்த்தாள்.

"இது என் கொரலா பாப்பா? மண்ட நடுவுல வேற யாரோ பாட்ற மாரி கீது. பயமாய்டுச்சி."

மூன்று நிமிடம் போயிருந்தது. பாட்டின் நீளமே மூன்றரை நிமிடம். என்ன சொல்வது என்று ஜஸீமா யோசிக்கவில்லை, கைதான் போனது. ராமசெல்வியின் ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து பின்னால் தள்ளிவிட்டாள்.

"ஒரு காதுல மூஸிக்க கேளுங்க. இன்னொரு காதுல வழக்கமா பாட்ற மாரி உங்களையே கேளுங்க. மெதுவா எல்லாம் வேணாங்க்கா. லாரிக்காரன கூப்பிட்ற கொரல்லயே பாடுங்க."

ராமசெல்வி தண்ணீர் குடித்ததும், இசையை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டபோது ஐந்தாவது நிமிடம் தொடங்கியிருந்தது. இந்த முறை ராமசெல்வி கண்ணை மூடவில்லை. எதிரே மெத்தைச் சுவரைப் பார்த்து, அங்கே யாரோ நிற்பது போலக் கேள்வி கேட்டுப் பாடினாள். கரகரப்பான குரல், மேலே ஏறும்போது கரகரப்போடே ஏறியது. இது பிழையில்லை, இதில் வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லை என்று அவளுக்குள் ஏதோ துள்ளியது. கடைசிச் சொல் முடிந்தும் யாரும் அசையக்கூடாது என்று கையைத் தூக்கியபடியே நின்றாள். ஒரு விநாடி. இரண்டு. மூன்று.

சற்று நேரத்தில் தரை மறுபடி முனகியது. எழில்மொழி படுத்தவாக்கிலேயே காலை உதைத்துச் சிரித்தாள். ராமசெல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முட்ஞ்சிச்சா? அவ்ளோதானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கிருஷ்ணப்பன் வந்தார். ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். முழுப் பாட்டையும் நின்றுகொண்டே கேட்டார். முடிந்ததும் விரலைச் சுழற்றி மறுபடி போடச் சொன்னார்.

"லாரிய வெச்சிதாம்மா பாட்ற. ஆனா கேக்க சொல்லோ கப்பலு வர்ற மாரி கீது" என்றார் ராமசெல்வியிடம். அவள் ஜஸீமாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மணிக்கு ராமசெல்வி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். பாட்டின் முதல் கலவையை ஜஸீமா அவளுக்கும் அந்த ஏழு பேருக்கும் அனுப்பினாள். பத்து நிமிடத்தில் எர்ணாவூரிலிருந்து அண்ணன் தங்கை இருவர் பதில் போட்டார்கள். நாளை மறுநாள் நாங்கள் வரலாமா, இரண்டு பாட்டு இருக்கிறது. வாங்க என்று தட்டி அனுப்பிவிட்ட பிறகுதான், அன்றைக்கும் மெஷின் ஓடுமே என்று ஜஸீமாவுக்குச் சுருக்கென்றது. எழுந்து மறுபடி ஃபேக்டரிக்குப் போனாள்.

"தெனமும் நிறுத்த முடியாதும்மா" என்று அவள் கேட்பதற்கு முன்பே சொன்னார் கிருஷ்ணப்பன். அறைக்கு அவளுடன் வந்து, குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். "டயரு போடு. பழைய டயர துண்டு துண்டா வெட்டி அடுக்கி, அது மேல பலகை அடி. மைக்கும் ஆளும் அந்தப் பலகை மேலதான் நிக்கணும். பலகை செவுத்துல படக்கூடாது. ஆட்டம் ஏறாது."

"நெஜமாவா நைனா?"

"முப்பது வர்சமா மெஷின் ஆட்டத்தோட மல்லுக்கட்டிகினு கீறேன். போட்டுங்க கட்ற எடத்துல டயரு மலையா கீது, என் பேர சொல்லி எட்துக்கோ."

நாலு மணி வெயிலில் ஜஸீமாவும் எழில்மொழியும் ஆளுக்கொரு லாரி டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளங்கையெல்லாம் கறுப்பு, ஜஸீமாவின் துப்பட்டா இடுப்பில் முடிந்திருந்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்த இடத்தில் ரோடு கடலைப் பார்த்துச் சரிந்திறங்கியது. எழில்மொழி ஒரு நொடி கையை எடுத்தாள். அவளுடைய டயர் தானாகவே உருண்டு வேகம் பிடித்து, வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட, ஒரு பள்ளத்தில் குதித்து எழுந்து, அலையை நோக்கி ஓடியது. தன் டயரை அங்கேயே சாய்த்துவிட்டு ஜஸீமாவும் எழிலோடு சேர்ந்து அதன் பின்னால் ஓடினாள்.